அண்ணன் நீட்ட வேண்டிய வலது கால்

இந்த நினைவு மலரின் முதற்பக்கத்தில் எங்கள் அண்ணனின் படம் இடுப்பு வரைதான் இருக்கிறது. அச்சகத்தார் முழுப்படம் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. என் திருமணத்தன்று படம் எடுக்க வந்தவரிடம், "அண்ணன மட்டும் மேல் பாதி எடுத்தாப் போதும்" என்று காதோடு சொன்னவன் நான். அண்ணனின் இடது காலில் கட்டுப் போட்டிருந்தது. அது என் கல்யாணப் படத்தில் விழக்கூடாது என்று நினைத்தேன். இந்த முதலாம் ஆண்டு நினைவுக்கு எழுதச் சொல்லி மதினி தாளை நீட்டியபோது, "எனக்கு அந்தத் தகுதி இல்ல மதினி" என்றேன். "அப்ப உள்ளத உள்ளபடி எழுதுங்க கொழுந்தனாரே. எல்லாரும் படிக்கட்டும்" என்றார் அண்ணனின் மனைவி. அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இதே தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய ஓட்டு வீட்டில். தோணியில் போன அப்பா திரும்பாத ஆண்டில் அண்ணனுக்கு வயது பதினைந்து, எனக்கு நான்கு. பள்ளிக்கூடத்தை அன்றோடு விட்டுவிட்டுப் படகேறினார். முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் சிப்பிக்கும், மற்றக் காலங்களில் சங்குக்கும் போகிற படகுகளில், கடலடிக்கு மூழ்கும் குளியாளுக்குக் கயிறு பிடிப்பது அவர் வேலை. குளியாள் அடியில் இருக்கும் வரை கயிற்றை விட்டுக் கவனம் சிதறக்கூடாது. கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். படகின் விளிம்பில் அண்ணன் நின்றால் நட்டு வைத்த மரம்தான், காலைக்கூட மாற்றி வைக்க மாட்டார். இருபது ஆண்டுக்கு மேல் அப்படி நின்றார். அவர் பிடித்த கயிற்றில் இறங்கிய ஒருவர்கூட ஏறி வராமல் போனதில்லை. அவர் நின்றதால்தான் நான் உட்கார்ந்து படித்தேன், கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க் ஆனேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு இடது கணுக்காலின் உட்புறம், சற்று மேலே, தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. படகுப் பலகை உரசிய சின்னக் கீறல் உள்ளங்கை அகலப் புண்ணாகிவிட்டது. கடல் தண்ணீரை மிஞ்சிய மருந்து உண்டா என்று தெருவே சொன்னதால், அண்ணன் தினமும் கடலில் முழங்கால் அளவு இறங்கி நின்று பார்த்தார். வேப்பெண்ணெய், மயில்துத்தம், மருந்துக்கடையில் தந்த வெள்ளைப் பொடி எல்லாம் போட்டார். இரண்டு ஆண்டாகியும் ஆறவில்லை. நீர் வடிந்தது, வாடை அடித்தது. பெருவியாதியாக, அதாவது தொழுநோயாக இருக்குமோ என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். ஊரைச் சொல்லி என்ன, வீட்டுக்குள் அவருக்கென்று தனி லோட்டா வாங்கி வந்தவன் நான். அன்றிலிருந்து அண்ணன் அதில்தான் தண்ணீர் குடித்தார்.

பொறுக்க மாட்டாமல் மதினிதான் அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சீட்டில் இங்கிலீஷ் இருக்கும் என்பதால் நானும் போனேன், லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றேன். டாக்டரம்மா மூக்கைப் பொத்தவில்லை. சிறுநீரை நீல மருந்தோடு கொதிக்க வைத்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை, சர்க்கரை இல்லை என்றார். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லிப் புண்ணைச் சுற்றிப் பஞ்சால் தடவினார். தொட்ட இடமெல்லாம் அண்ணன் சரியாகச் சொன்னார். "உணர்ச்சி நல்லா இருக்கு. பெருவியாதி இல்ல. யாருக்கும் ஒட்டாது" என்றார். அடுத்து பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி, கெண்டைக்காலில் புடைத்திருந்த ரத்தக் குழாய்களைப் பார்த்தார்.

"ரத்தம் கீழே நல்லா இறங்குது. மேலே ஏறத்தான் கஷ்டப்படுது. நின்னுக்கிட்டே பாக்குற வேலையா?"

"கயிறு பிடிக்கேம்மா. ஆளு அடியில கெடக்கும்போது அசையப்படாதுல்லா?"

"நடந்தா கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளும். அசையாம நின்னா அங்கேயே தேங்கிடும். குழாய்க்குள்ள இருக்குற சின்னக் கதவெல்லாம் பழுதாயிடுச்சு. பொடி போட்டா இது ஆறாது. இறுக்கிக் கட்டணும்."

"இறுக்குனா ரத்தம் நின்னு போவாதா?" என்று மதினி பதறினார்.

"அதுக்குத்தான் முதல்ல பாதத்துல நாடி பாத்தேன். நல்லா ஓடுது, பயமில்லாம கட்டலாம்."

அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் வெதுவெதுப்பான நீரில் புண்ணைக் கழுவி, துத்தநாகப் பசை தடவிய துணியை வைத்து, விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை பட்டையாகக் கட்டினார். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. வாரம் ஒருமுறைதான் பிரிக்க வேண்டும். படுக்கும்போது கால் உயர்ந்திருக்கக் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைக்கச் சொன்னார்கள். "தலைக்கு ரத்தம் ஏறிக் கிறுக்குப் பிடிச்சிரப் போவுது" என்று அடுத்த வீட்டார் பயமுறுத்த, "புதுசா என்னத்தப் பிடிக்கப் போவுது?" என்று அண்ணன் சிரித்தார்.

கட்டுப் போட்டு ஒரு மாதமான சமயம், பெரிய வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறு வந்தது. பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச்சாமி பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவது நம் வழக்கம். அப்பா ஒருமுறை அந்த வரிசையில் உட்கார்ந்தவர். தன் பெயரும் ஒருநாள் வரும் என்று அண்ணன் காத்திருந்தார். அந்த ஞாயிறு கோயிலில் அவர் பெயரை வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மதினி வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போட்டார். அதே வியாழனன்று என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் கோயிலுக்கு வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான், சாமிக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரிடம் போனேன். "அண்ணனால முடியாது. கால் புண்ணு தொத்தும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றேன். ஒட்டாது என்று அந்த அம்மா சொன்னதை என் காதால் கேட்டவன் நான்!

"ஐயையோ, இப்பச் சொன்னா ஆளுக்கு எங்கலே போவேன்? நீ உக்காருதியா?"

"சரி" என்றேன். வீட்டில், சாமி ஆளை மாற்றிவிட்டதாகச் சொன்னேன். அண்ணன் கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்தார். "அப்படியா? சரி. வேட்டிய நீ உடுத்திக்கிடுலே. போட்ட கஞ்சி வீணாப் போவுது."

வியாழனன்று அந்த வேட்டியோடு உட்கார்ந்தேன். சாமி வரிசையாக வந்தார். எல்லாரும் வலது காலை மட்டும் நீட்டினார்கள். நானும் நீட்டினேன், தண்ணீர் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அண்ணனின் புண் இடது காலில். அவர் நீட்ட வேண்டியதும் இந்த வலது காலைத்தான். இடது காலில் போட்ட கட்டு வேட்டிக்குள் மறைந்திருக்கும். சாமி குனிந்து என் காலை முத்தமிட்டார். தலையைத் தூக்கினால் கடைசித் தூணருகே அண்ணன் நின்றுகொண்டிருந்தார், அதிகம் நிற்கக் கூடாத மனிதர். செத்துப்போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சாகவில்லை, பெண் வீட்டாரோடு காப்பி குடித்தேன்.

என் பொய் அதோடு நிற்கவில்லை. தொத்துவியாதி என்று கடற்கரை முழுக்கப் பரவி, அடுத்த சங்குப் பருவத்தில் அண்ணனைப் படகில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அவருடைய குளியாள் சவேரி அண்ணாச்சிதான் மல்லுக்கு நின்றார். "அவன் பிடிச்சாத்தான் நான் குதிப்பேன். இல்லன்னா நீங்களே குதிச்சிக்கிடுங்கலே!" அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அண்ணன் படகேறினார். ஒவ்வொரு குளிப்புக்கும் நடுவே டாக்டரம்மா சொன்னபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். "அண்ணாச்சி டான்ஸ் ஆடுதாரு" என்று படகே கேலி செய்யும்.

என் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் புண் மூடிவிட்டது. மறு ஆண்டு சாமியே வீட்டுக்கு வந்து, போன முறை உங்களால் முடியாமல் போயிற்றாமே, இந்த முறை நீங்கள் உட்காருங்கள் என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். "எனக்கு வாரா வாரம் சிஸ்டர் கழுவி முடிச்சிட்டாங்க சாமி. வேற யாரையாவது உக்கார வைங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகும் அவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை.

சென்ற ஆண்டு மார்வலி வந்து மூன்றே நாளில் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறினார். குளிப்பாட்டும்போது, "காலப் பிடி தம்பி" என்றார்கள். நான் குனிந்து பிடித்தேன். பிடித்தது வலது காலை. இறந்த பிறகும் என் கை அந்த இடது காலுக்குப் போகவில்லை. சவேரி அண்ணாச்சி என்னைத் தள்ளாமல், திட்டாமல், "இத நான் பாத்துக்கிடுதேன்" என்று புண் ஆறிய தழும்பை மெல்லத் தேய்த்துக் கழுவினார்.

அண்ணனின் கடைசி நாட்களில் துணை நின்ற அனைவருக்கும், அவர் காலைத் தயங்காமல் தொட்ட டாக்டரம்மாவுக்கும் சிஸ்டருக்கும், சவேரி அண்ணாச்சிக்கும், புண் ஆறிய பிறகும் அது திரும்ப வராமலிருக்கத் தினமும் விடியலில் கட்டுக் கட்டிவிட்ட மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் இருந்தால் மறைத்து வைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். கழுவும்போது புண் இருக்கிற காலை நான் பிடித்துக்கொள்கிறேன்.