நெருப்புக் காய்ச்சல்

எங்கள் மருந்துக்கடையின் மேல்தட்டில், குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு நீலக் கொசுவலை மடித்துக் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் குல்லாவையும் கம்பளியையும் தேடுகிற மலையூரான இந்தப் பண்ணைக்காட்டில் கொசுவலை விற்றுப் பிழைத்தவன் எவனும் இல்லை. அதனால் கடைக்கு வருகிறவர்கள், "என்னண்ணே, கொசுவலை யாவாரமும் ஆரம்பிச்சாச்சா?" என்று கிண்டலடிப்பார்கள். விற்பனைக்கு இல்லை என்று மட்டும் சொல்வேன். கேட்டவர் தன் சோலியைப் பார்க்கப் போய்விடுவார். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. அது என் அக்கா தான்சானியாவிலிருந்து கொண்டுவந்த வலை.

அக்கா டாக்டர். ஆனால் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, கிளினிக் வைத்துச் சம்பாதிக்கிற டாக்டர் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் தான்சானியாவின் கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு வரும் மலேரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "காய்ச்சலப் பாக்கணும்னா இங்கயே எம்புட்டோ கெடக்கு, அதுக்கு ஏன் கடல் தாண்டிப் போகணும்?" என்பாள். எனக்கு மட்டும் பெருமையாகத்தான் இருந்தது. கடைக்கு வருகிற மருந்துக் கம்பெனிக்காரர்களிடமெல்லாம் கேட்காமலே சொல்வேன்.

லீவில் வந்தால் அக்காவின் வாய் ஓயாது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து பேசுவாள். அங்கே காய்ச்சல் முற்றிப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அதை 'தெகெதெகே' என்பார்களாம். ஏதோ ஒரு பறவை பிள்ளையின் மேலாகப் பறந்ததால் வருவது என்று நம்புவார்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து முதலில் நாட்டு வைத்தியரிடம் ஓடுவார்களாம். "பிள்ளைக்கு மலேரியா வந்துச்சான்னு கேட்டா இல்லேம்பாங்க. தெகெதெகே வந்துச்சான்னு கேட்டா அழுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்டா. நாங்க பேரத் தப்பாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்." ஒரு காய்ச்சலுக்கு ஒரு கிராமத்தில் எத்தனை பெயர் உண்டு, எந்தப் பெயர் சொன்னால் எங்கே ஓடுவார்கள் என்று கேட்டுச் சேகரிப்பதுதான் அவள் வேலை. ஊர் ஊராகச் சுவாஹிலி மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு வெளிச்சமாக இருக்கும்.

ஊரில் இருக்கிற நாட்களில் என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து காசு வாங்காமல் நோயாளிகளைப் பார்ப்பாள். அப்படி ஒரு காலையில் வெள்ளனே ஒரு அம்மா வந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம்; எங்கள் ஊருக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பத்தாவது படிக்கிற மகளைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்திருந்தார். பெஞ்சில் உட்காரவைத்ததுமே பிள்ளை சுவரோடு சரிந்துவிட்டது.

"புள்ளைக்கு நெருப்புக் காய்ச்சலுங்க டாக்டரம்மா. எந்திரிக்க ஏலாமக் கெடக்கு" என்றார்.

அக்கா பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். "ஆமாம்மா. நெருப்பாத்தான் கொதிக்குது."

அந்த அம்மா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். டாக்டர் கண்டுபிடித்துவிட்டார் என்ற நிம்மதி அது. எதைக் கண்டுபிடித்ததாக அவர் நினைத்தார் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

வெளியூர் எங்கேயாவது போனீர்களா என்று அக்கா கேட்டாள். கடற்கரை ஊரான மண்டபத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்ததாகப் பிள்ளை முனகியது. கடற்கரை என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வத்தலக்குண்டு லேபுக்கு அனுப்பிவிட்டு, மலேரியா மாத்திரையையும் ஆரம்பித்தாள். மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. "ஒரு தடவ இல்லேன்னு வந்தா இல்லேன்னு ஆயிராதுடா. அங்க எத்தன பாத்திருக்கேன்" என்று சொல்லி, மலேரியா மாத்திரையை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னாள். அதோடு தன் பெட்டியிலிருந்த நீல வலையையும் எடுத்துக் கொடுத்தாள். இவளைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடிக்கக் கூடாதாம். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஈ கூட விறைக்கிற அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஆணி அடித்து, வலையைக் கட்டி, அதற்குள் மகளைப் படுக்க வைத்திருக்கிறார். பெரிய டாக்டர் கொடுத்தால் ஒரு காரணம் இருக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்து மறுபடி ஏறியது. மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்றாள் அக்கா. பிறகு ஒருநாள் காலை தோட்டத்து ஆள் ஒருவர் கடைக்கு ஓடிவந்து, பிள்ளைக்கு வயிறு கல்லாட்டம் இருக்கிறது, தொடவிட மாட்டேன் என்கிறது என்றார். "ஏலே, வெரசா ஜீப்பக் கூப்பிடு" என்று சொல்லும்போதே அக்கா செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள். அந்த மலைப்பாதை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிள்ளை கத்தியதை நான் எழுத விரும்பவில்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அறைக்கு வெளியே வராண்டாவில் நாங்கள் நின்றோம். ஒரு இளம் டாக்டர் வந்து, டைபாய்டு, குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை.

"டைபாய்டுன்னா என்னங்க?"

"கெட்ட தண்ணியால வர்ற காய்ச்சல்மா. விட்டு விட்டு வராது, ஏறிக்கிட்டே போகும். குடல அரிச்சுரும்."

அந்த அம்மா டாக்டரை விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். "அதத்தானுங்களே நா அன்னைக்கே சொன்னேன். நெருப்புக் காய்ச்சல்னு. எங்க சிலோன்ல இதுக்கு அதுதாங்க பேரு. எங்க அப்பாவும் அதுலதான் போனாரு."

குரலில் கோபம் துளியும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது மாதிரிச் சொன்னார். ஏசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அவள் வராண்டாச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் முடிந்தும் பிள்ளை கண் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அந்த அம்மா கடைக்கு வந்து வலையைத் திருப்பிக் கொடுத்தார். துவைத்து, காயவைத்து, முனை பிசகாமல் மடித்திருந்தார். "டாக்டரம்மா பொருளுங்க. குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னறையில் இருந்த அக்கா வெளியே வரவில்லை.

எனக்கு அக்காமேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவள் சோறு தண்ணியில்லாமல் கிடப்பதைப் பார்க்க முடியாமல் சமாதானம் சொல்லப் போனேன். "அந்தம்மா பேசினதும் தமிழ்தானேக்கா. அதுக்குள்ள இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தமிழ்ங்கிறதாலதான்டா நான் கேக்கல" என்றாள். "சுவாஹிலியில சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

லீவு முடிந்து திரும்பிப் போகும்போது வலையை என் கையில் கொடுத்து, தூக்கிப் போட்டுவிடாதே என்றாள். ஆராய்ச்சியை விடவில்லை, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் சாப்பாட்டுத் தட்டை மறந்துவிட்டுக் கதை சொல்கிற அக்காவை அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. போனில் பேசினால் மழை பெய்கிறதா, மிளகு என்ன விலை என்று கேட்பாள். அந்த அம்மாவைக் கண்டேனா என்று மட்டும் தவறாமல் கேட்டுவிடுவாள்.

போன வாரம் அந்த அம்மா கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூத்த மகனுடைய பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார்.

"பேரனுக்குக் காய்ச்சல் வுடவே இல்லீங்க தம்பி. டைபாய்டா இருக்குமோன்னு பயமா இருக்கு."

டைபாய்டு. ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்தச் சொல்லை அவர் எந்த வராண்டாவில் படித்தார் என்பது எனக்குத் தெரியும். பத்து மணி ஜீப்பில் வத்தலக்குண்டுக்குப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பிறகு மனசு கேட்காமல், "உங்க பக்கத்துல இதுக்கு வேற பேரு சொல்வீங்களேம்மா?" என்றேன்.

அவர் பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கிற நீலத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பேரு இங்க யாருக்கும் வெளங்காதுங்களே, தம்பி."