டிரைவரம்மாவின் பாதுகாவலர்

இயற்கணித வகுப்பின் முதல் நாளில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘எதிர்பார்ப்புகளும் விதிமுறைகளும்’ என்று தலைப்பு. முன்பக்கம் பன்னிரண்டு விதி, பின்பக்கம் பத்து. பென்சிலால்தான் கணக்குப் போட வேண்டும். வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. விடையைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். ‘எனக்கு வராது’ என்று யாரும் சொல்லக் கூடாது, ‘புரியலை’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். தாளை எழுதிய டீச்சருக்கு இதுதான் வேலையில் முதல் வருடம். பயந்தவர்கள்தான் நிறைய விதி போடுவார்கள். அவர் இருபத்திரண்டு போட்டிருந்தார்.

முப்பத்தாறு பேர் அந்தத் தாளைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்தார்கள். கடைசி பெஞ்சில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்த முப்பத்தேழாவது ஆள் மட்டும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. நகரப் பேருந்தில் பத்தொன்பது வருடமாக ஓட்டுநர். வகுப்பே முதல் மணி நேரத்துக்குள் அவருக்கு டிரைவரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒருத்தி மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் டிரைவரம்மாவின் மகள்.

பதினாறு வயதில் டிரைவரம்மாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். தம்பி படிக்கட்டும், நீ வேலைக்குப் போ என்றார்கள். மற்றப் பாடங்களை எல்லாம் பிறகு வீட்டிலிருந்தே எழுதித் தேறிவிட்டார். பாக்கி நின்றது கணக்கு ஒன்றுதான். பாதியில் விட்டவர்கள் எந்த வயதிலும் திரும்பி வந்து, விட்ட பாடத்தை மட்டும் படிக்கலாம் என்று ஆணை வந்ததும், வெட்கப்பட வேண்டியது நிறுத்தியவர்கள்தானே என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருந்தது. அவர் ஓட்டும் தடத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர நாற்பத்தாறு நிமிடம் ஆகும். அட்டவணையில் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அந்த எட்டு நிமிடத்தை டிரைவர்கள் எங்கிருந்து பிடிப்பது? கழிப்பறைக்குப் போகாமல் பிடித்தார்கள். ஆண்கள் எங்காவது மரத்தைப் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். அட்டவணை போட்டவர் பேருந்தில் ஏறியதே இல்லை. மனித உடம்பை எட்டு நிமிடம் மறந்துவிட்டுக் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று கட்டம் போட்டிருந்தார். டெப்போவின் அட்டவணைப் பிரிவில் அடுத்த வருடம் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. பள்ளி இறுதியில் கணக்கும் தேறியிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். டிரைவரம்மாவுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தன் தாளையும் மகள் தாளையும் அருகருகே வைத்தார். மூன்றாவது விதி: வெள்ளிக்கிழமைக்குள் பாதுகாவலர் கையெழுத்திட்டுத் தராவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். மகளின் தாளில் கையெழுத்துப் போட்டார். தன் தாளை எடுத்தார்.

“இங்க குடும்மா, நான் போடறேன்,” என்றார் கணவர். அவர் டயர் கடையில் வேலை பார்ப்பவர். பேனா மூடியைக் கழற்றியே வைத்திருந்தார். “பிள்ளைக்குக் கையெழுத்துப் போட இந்த வீட்ல எனக்குச் சான்ஸே கிடைக்கலை.”

“நான் உங்க பிள்ளையா?”

“அதுக்கில்ல. ஒரு கோடு. இழுத்துட்டா முடிஞ்சுது.”

“ஏங்க, தினம் அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்தறேனே, அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா? எக்ஸைக் கண்டுபிடிக்க மட்டும் உங்க அனுமதி வேணுமா?”

“சரி சரி, பேனாவை மூடிட்டேன்.”

“அம்மா, ப்ளீஸ்,” என்றாள் மகள். “எல்லாரையும் மாதிரி ஒரு தாளைக் குடும்மா. என் மானம் போகுது.”

“உன் மானம் இன்னும் ரெண்டு நாள் தாங்கும்.”

பாதுகாவலர் என்ற இடத்தில் டிரைவரம்மா தன் பெயரையே எழுதித் தானே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. டீச்சருக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. ‘நீ’ என்றும் சொல்ல முடியவில்லை, மாணவியை ‘நீங்க’ என்று கூப்பிட விதியில் இடம் உண்டா என்றும் தெரியவில்லை.

“இது... ஒரே கையெழுத்தா இருக்கு.”

“ஒரே ஆள்தானே டீச்சர்.”

டீச்சர் அவரைத் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போனார். தலைமையாசிரியர் தாளைத் தொடாமலே பார்த்தார்.

“அப்பா இருக்காரா?”

“காலமாயிட்டார் சார்.”

“அப்போ வீட்டுக்காரர்.”

“அவர் எனக்குப் புருஷன் சார். பாதுகாவலர் இல்லை. எங்க வீட்ல பல்லி விழுந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு.”

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“எந்தப் புத்தகத்துல சார்?”

நடைமுறை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இருந்தால் யாராவது படித்துக் கேள்வி கேட்டுவிடுவார்களே. தலைமையாசிரியர் காலண்டரைக் காட்டினார். “வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல பேர் இருக்காது.”

வியாழக்கிழமை வகுப்பில் கோட்டுச் சமன்பாடு. ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரு ஒய் உண்டு என்று டீச்சர் நடத்தினார். முன்பெஞ்சுப் பையன் ஒருவன், “ரெண்டும் ஒண்ணாவே இருந்தா டீச்சர்?” என்றான். டீச்சர் முகம் மலர்ந்தது. “ஏன் இருக்கக் கூடாது? ஒய் சமம் எக்ஸ். இருக்கிறதுலயே அழகான கோடு அதுதான்,” என்று பலகையில் மூலைக்கு மூலை ஒரு கோட்டை இழுத்தார். கடைசி பெஞ்சில் டிரைவரம்மா பென்சில் கடிப்பதை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடித்து, காக்கிச் சட்டையோடு வகுப்புக்கு ஓடி வந்தவர், உட்காருவதற்கு முன்னாலேயே கை தூக்கினார்.

“டீச்சர், ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாமா?”

பாவம், டீச்சர் தயங்கினார். ஆனால் எட்டாவது விதி, பலகைக்கு வர விரும்பும் எவரையும் மறுக்கக் கூடாது என்கிறது. எழுதியவர் அவரே.

டிரைவரம்மா சாக்பீஸை எடுத்தார். “மாணவர் எக்ஸ். பாதுகாவலர் ஒய். நாலாவது விதியில டீச்சரே சொல்லியிருக்காங்க. ஒய்ங்கிறது யாரு? எக்ஸுக்குச் சாப்பாடு, தங்க இடம், உடம்பு முடியலைன்னா வைத்தியம், நேரத்துக்குப் பள்ளிக்கூடம். இந்த நாலுக்கும் பொறுப்பானவர். நாலு நிபந்தனை.” நான்கையும் வரிசையாக எழுதினார். “எக்ஸ் நான்னு வச்சுக்கங்க. எனக்கு இந்த நாலையும் பார்த்துக்கிறது யாரு?”

“அம்மா,” என்று இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வாய் தவறி வந்துவிட்டது. “அப்பாதானே சமைக்கிறாரு?”

வகுப்பு ‘ஊ’ என்று ஊளையிட்டது. டீச்சரே முன்னால் சாய்ந்தார். பெற்ற மகளே கோட்டைச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டாள்.

டிரைவரம்மா சாக்பீஸோடு நின்று யோசித்தார். “ராத்திரிச் சாப்பாடு அவர்தான், ஒத்துக்கறேன். விடியக்காலை மூணரைக்கு எழுந்து பகல் சாப்பாட்டை டப்பாவில கட்டறது யாரு? நீயும் உங்கப்பாவும் அப்போ போட்டி போட்டுக் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கீங்க. பள்ளிக்கூட நேரத்துல நான் சாப்பிடறது அது ஒண்ணுதான்.”

“சரி,” என்றாள் மகள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியவில்லை. “ஒத்துக்கறேன்.”

“வாடகையில பாதி நான். காய்ச்சல் வந்தா டெப்போ டாக்டர்கிட்ட நானே போறேன். நேரத்துக்கு வர்றது...” தன் மூச்சிரைப்பைக் காட்டினார், “கண்ணாலயே பார்க்கிறீங்க. ஆக நாலுக்கும் விடை நான். ஒய் சமம் எக்ஸ்.” விடையைச் சுற்றிக் கட்டம் போட்டார். “ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு அஞ்சாவதா ஒரு நிபந்தனை எங்கயாவது இருக்கா டீச்சர்?”

டீச்சர் தன் தாளை எடுத்து முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வருடக் கடைசியில் அதற்கான அறிக்கையை எழுதப் போகிறவர் தலைமையாசிரியர். ஆனால் பலகையில் இருக்கும் கணக்கில் தப்பு இல்லை. சரியாகப் போட்ட கணக்கை இன்றைக்குத் தப்பு என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை எந்த முகத்தோடு சாக்பீஸ் எடுப்பது?

“வழிமுறை சரியா இருக்கு,” என்றார். பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, டிரைவரம்மாவின் பெயருக்கு எதிரே ‘பாதுகாவலர் கையெழுத்து பெறப்பட்டது’ என்று எழுதினார்.

வகுப்பு மேசையைத் தட்டிய தட்டில் தலைமையாசிரியர் வந்துவிட்டார். டீச்சர் எழுந்து, “சார், எந்த வரியில தப்புன்னு சொல்லுங்க, அழிச்சிடறேன்,” என்று டஸ்டரை நீட்டினார். தலைமையாசிரியரும் ஒரு காலத்தில் கணக்கு ஆசிரியர். பலகையை மேலிருந்து கீழ் பார்த்தார், கீழிருந்து மேல் பார்த்தார். நான்கு நிமிடம் ஆனது.

“பாதுகாவலருக்குப் பதினெட்டு வயசு ஆகியிருக்கணும்.”

“நாற்பத்து மூணு சார்.”

“பிள்ளை தப்புப் பண்ணினா பாதுகாவலர் கண்டிக்கணும். தன்னைத் தானே எப்படிக் கண்டிப்பீங்க?”

“பள்ளிக்கூடத்தை விட்டு நின்னதிலேர்ந்து இருபத்தேழு வருஷமா அதைத்தான் சார் செய்துக்கிட்டு இருக்கேன்.”

தலைமையாசிரியர் டஸ்டரைத் திருப்பிக் கொடுத்தார். “விதின்னா முழுசா விதி,” என்றார் போகும்போது. “மாணவிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு. பாதுகாவலருக்கும் அப்படியே. ஒண்ணு விட்டாலும் பேரை எடுத்துடுவேன்.”

பழிவாங்குவதாக நினைத்துச் சொன்னார். அந்த வருடத்தின் சந்தோஷமே அதில்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை டிரைவரம்மா எட்டு நிமிடம் தாமதம். ஐந்து நிமிடம் தாண்டினால் பாதுகாவலருக்குத் தொலைபேச வேண்டும் என்பது விதி. டீச்சர் வகுப்பின் முன்னால் நின்று அழைத்தார். மணி படிக்கட்டிலிருந்து கேட்டது.

“வணக்கம், உங்க பிள்ளை இன்னும் வகுப்புக்கு வரலை.”

“வந்துக்கிட்டே இருக்கா டீச்சர். ரெண்டாவது மாடிப் படியில இருக்கா. நல்லா நாலு போடுங்க.”

உள்ளே வந்ததும் போனைப் பிடுங்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் மாணவர்கள் போன் வைத்திருக்கக் கூடாது. பிடுங்கிய போனைப் பாதுகாவலர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். டிரைவரம்மா வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்து வாங்கிக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதாத நாளில் தன் மீதே புகார்க் கடிதம் வாங்கி, படித்து, ‘இனி நடக்காது, கவனித்துக்கொள்கிறேன்’ என்று பதில் எழுதினார். மகள் முதலில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு விரல் இடுக்கில் பார்த்தாள். மார்ச் வாக்கில், “எங்கம்மா அடுத்து என்ன பண்ணுவாங்க தெரியுமா?” என்று பந்தயம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டாள். இந்த அமளிக்கு நடுவே காரணிப்படுத்தலும் இருபடிச் சமன்பாடும் வந்தன. டிரைவரம்மா இடைத்தேர்வில் முப்பத்தொன்று வாங்கினார். தேற நாற்பது வேண்டும். அதன் பிறகு பேருந்து முனையத்தில் நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டார்.

இறுதி முடிவு சொல்லும் நாளில் பாதுகாவலர்கள் மட்டும் வகுப்பறைக்குள் போக வேண்டும், மாணவர்கள் மைதானத்தில் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுகொண்டார். “முதல்ல மைதானம். கூப்பிட்ட பிறகு உள்ள.” டிரைவரம்மா மைதானத்தில் மகளுக்குப் பின்னால் நின்றார். பெயர் கூப்பிட்டதும் வரிசையை விட்டு வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். “உங்க பிள்ளை வகுப்புல ரொம்பப் பேசறா.”

“வளர்ப்பு அப்படி டீச்சர். என் தப்புதான்.”

“ஆனா வழிமுறை ஒண்ணைக்கூட விடாம எழுதறா.” தாளைத் திருப்பி வைத்தார். “ஐம்பத்தெட்டு. தேறிட்டா.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவரம்மா அசையவில்லை. பாதுகாவலர்கள் அப்படியெல்லாம் குதிக்கக் கூடாது, பெரியவர்கள் அல்லவா? மகளுடைய தாளையும் வாங்கினார், இரண்டிலும் கையெழுத்துப் போட்டார், நன்றி சொன்னார், வாசலில் தலைமையாசிரியருக்குத் தலை அசைத்தார், நிதானமாக நடைபாதை முழுக்க நடந்து, படி இறங்கி, மைதானத்தைக் கடந்து, வரிசையில் தன் இடத்துக்கு வந்து நின்றார்.

அதற்குப் பிறகுதான் கத்தினார். டெப்போவில் ரிவர்ஸில் வரும் வண்டியை நிறுத்தப் பழகிய குரல் அது. மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழும்பின. முப்பத்தாறு பேரும் வரிசையை உடைத்துக்கொண்டு அவர் மேல் விழுந்தார்கள். யாரோ காக்கித் தொப்பியைப் பிடுங்கி வானத்தில் எறிந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

“அம்மா, என்னோடது எவ்வளவும்மா? என்னோடதைச் சொல்லும்மா!”

“நீ ஐம்பத்தொண்ணு,” என்றார் டிரைவரம்மா மூச்சு வாங்க. “வீட்டுக்கு வா. உன் பாதுகாவலர் உன்கிட்ட கொஞ்சம் பேசணுமாம்.”