கல்லறையில் தட்டியவன்

சகோதரங்களே, நான் குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் குணமாகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்குக் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படி, அம்மி, மதில், எதைக் கண்டாலும் தட்டிக் காதை வைப்பேன். கேட்ட சத்தத்தை நோட்டில் எழுதுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு போயிற்று. நம் கடற்கரையில் எங்கும் மணல். நல்ல கருங்கல் இருந்தது கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான். அங்கே போய்த் தட்டினேன்.

செத்தவர்களைக் கூப்பிடுகிறான் என்று ஊர் பேசியது. செபக்குழுவை நடத்திய என் அம்மாவின் அக்கா, பெரியம்மை, ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை என்னைக் கோவில் முற்றத்தில் முழங்காலில் நிறுத்தினாள். எனக்கு இருபத்திரண்டு வயது. உங்களில் பலரும் சுற்றி நின்றீர்கள்.

“எவன்லே ஒன்னத் தட்டச் சொல்லுகான்? பேரச் சொல்லு!”

“யாரும் சொல்லல பெரியம்மை. செபஸ்தியான் தாத்தாக்க கல்லறைக் கல்லு உள்ளுக்க வெடிச்சிருக்கு. மழைக்கு முன்ன மாத்தணும்.”

“பாத்தியளா! செத்தவன் பேரச் சொல்லுகான்!”

என் மூன்று நோட்டுகளையும் எரித்தீர்கள். இந்தப் பைத்தியத்தை எடுத்துவிடும் ஆண்டவரே என்று சத்தமாகச் செபித்தீர்கள். நானும் அழுதுகொண்டு அதையே கேட்டேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அந்த மழையில் அடிமண் இறங்கி அந்தக் கல் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பழியையும் என் தலையில் போட்டீர்கள்.

ஊரை விட்டேன். கொல்லத்தில் படகு கழுவினேன். கோயம்புத்தூரில் பாத்திரம் தேய்த்தேன். தரையைத் தட்டுகிறேன் என்று எல்லா இடத்திலும் விரட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காய்ச்சலுக்குப் போன ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர் நெடுநேரம் விசாரித்து, பிறகு வேறு பரிசோதனைகளுக்கும் அனுப்பி, இதற்குப் பெயர் ஆட்டிசம் என்றார். பேய் என்று அவர் சொல்லவில்லை.

போன வருடம் மயிலாடியில் ஒரு சிற்பப் பட்டறையில் கல் சுமக்கச் சேர்ந்தேன். இன்னொரு தடவை தட்டினால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று முதலாளி எச்சரித்திருந்தார். அப்போது நம் கோவிலின் புதுப் பீடத்துக்கான கல் வந்தது. மறுநாள் உளி வைக்க வேண்டும். யாரும் பார்க்காதபோது தட்டினேன். நடுவில் ஓரிடத்தில் சத்தம் செத்துக் கிடந்தது.

சொன்னால் வேலை போகும். சுவரோரம் நின்று செபித்தேன். ஆண்டவரே, இதை எடுக்கச் சொல்லிக் கேட்டது தப்பு. இது எதற்கென்று காட்டும்.

“மொதலாளி, இது வெடிச்ச கல்லு.”

“ஏலே, செமக்க வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கியா? மூணு சிற்பி தட்டிப் பாத்த கல்லுடே!”

“நாலு எடத்துல தட்டியிருப்பாவ. நான் ஒரு சாண் விடாமத் தட்டுனேன். தண்ணி ஊத்திப் பாருங்க.”

ஊற்றினார். வெயிலில் கல் முழுவதும் காய்ந்தது. நடுவில் முடி போல ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது.

ஒரு சிற்பி சிரித்தார். “மக்கா, ஒனக்கு அது காதா, எக்ஸ்ரே மெஷினா?”

முதலாளி சிரிக்கவில்லை. மறுநாள் குவாரிக்கு என்னைத்தான் அழைத்துப் போனார். இன்று அந்தப் பட்டறைக்குக் கல் தேர்ந்தெடுப்பது நான். மாதச் சம்பளம். புது நோட்டும் அவர் வாங்கித் தந்ததுதான்.

நீங்கள் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் பஸ் நேரத்தையோ மீன் முள்ளையோ பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கலாம். அவரை முழங்காலில் நிறுத்தாதீர்கள். என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்று அவரிடம் கேளுங்கள். கொடுத்தவர் காரணத்தோடு கொடுத்திருக்கிறார் என்று நம்புங்கள். நான் நம்புகிறேன்.

பெரியம்மை முன்வரிசையில் இருக்கிறாள். என் நோட்டுகளுக்காக இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்தப் பீடத்துக்கு மாற்றுக் கல் தேடிக் கொண்டுவந்தவன் நான்தான். ஒரு சாண் விடாமல் தட்டியிருக்கிறேன். பயப்படாமல் இதன் முன் முழங்காலில் நில்லுங்கள்.