ஒரே பையில் வந்த இரண்டு ஜாக்கெட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. காரைக்குடியில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தீபாவளி சமயத்தில் எனக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. வருகிறவர்களை நாலு கேலி பேசிச் சிரிக்க வைத்தால்தான் எனக்கு வேலையே ஓடும். "இந்த வாயால ஒரு நாள் மாட்டப் போற" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் மாட்டியது நான் இல்லை.

அன்றைக்கு, ரொம்ப வருடமாக என்னிடம் தைக்கும் ஒரு வசதியான வீட்டு அம்மா வந்தார். அவர் வீட்டில் வேலை செய்யும் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சர்க்கரை என்று தெரிந்ததும் சிறுதானியம், பழம், விதவிதமான காய், காலையில் நடை என்று உடம்பை நன்றாக இறக்கிவிட்டார். பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால் பிடித்துத் தைக்க வேண்டும். அதே பையின் அடியில் அந்தப் பெண்ணுடைய பட்டு ஜாக்கெட் ஒன்று இருந்தது. அவளுக்கோ உடம்பு போட்டுப் போட்டு அது கையில் ஏறவே இல்லை. தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுக்க வேண்டும்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் பகல் முழுக்க ஒரே வீட்டுலதான இருக்கீக? அவுகளுக்குப் பிடிக்கிறேன், ஒனக்குப் பிரிக்கிறேன். அவுக பங்கையும் சேத்து நீயே சாப்புடுறியாக்கும்" என்றேன். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் காலிப் பையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜாக்கெட்டுகளை வாங்க அம்மா தனியாக வந்தார். அவளைக் காணோமே என்று கேட்டேன். "அவள நிறுத்திட்டேன். நீ சொன்னப்பறந்தான் எனக்கே தோணுச்சு. ஃப்ரிட்ஜப் பாத்தா ஆப்பிளு கொறையிற மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்குப் பகீரென்றது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, என்னிடமே தங்கிவிட்ட அவளுடைய பட்டு ஜாக்கெட்டைக் கொடுக்கும் சாக்கில், விசாரித்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். நேமத்தான்பட்டிக்கு அங்குட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப தூரம் நடக்கணும். பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று அங்கே இருந்த ஒரே கடையில் கேட்டேன். முன்னால் சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் தொங்கியது. காய் என்று பார்த்தால் வெங்காயமும் முளைவிட்ட உருளைக்கிழங்கும்தான். "பழம் கொண்டாந்து வச்சா அழுகித்தான் போகும். அந்த வெலைக்கு இங்க யாரு வாங்குறா?" என்றார் கடைக்காரர். கடைசியில் நானும் கிரீம் பிஸ்கட்டுதான் வாங்கிக்கொண்டு போனேன்.

அவளும் பள்ளிக்கூடம் போகும் அவள் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டு நிறைய ரேஷன் அரிசிச் சோறு, தண்ணியாக ஒரு புளி ரசம், தொட்டுக்கொள்ள ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட். மகளும் அந்த வயதுக்கு மீறிய உடம்புதான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து கை கழுவினாள். கோபமாகத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஆப்பிள நறுக்கி டப்பாவுல போட்டு அவுக கையில குடுக்கிறதே நாந்தான்க்கா. ஒரு துண்டு என் வாயில பட்டதில்ல" என்றாள். அப்புறம் அவளாகவே பேசினாள். "காய் வாங்கணும்னா காரைக்குடி சந்தைக்குத்தான் வரணும். வேல முடிஞ்சு கெளம்புறப்ப சந்தை கலைஞ்சிருக்கும். லீவு நாள்ல வரலாம்னா, பொம்பளைகளுக்கு பஸ்ஸு சும்மாதான், ஆனா போக வர அரை நாளு போயிருமே. எனக்கும் சக்கரையாம். அரிசியக் கொறைக்கச் சொல்லுறாரு டாக்டரு. அதக் கொறைச்சா தட்டுல வேற என்னக்கா இருக்கு?"

நான் பேசினது தப்புத்தான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று பெரிதாக வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். ஆப்பிளை அவள் தின்றதே இல்லையாம் என்று சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன ஈவு இரக்கமில்லாதவளா? அவளுக்கு என்ன கொறை வச்சேன்? அதிரசம், சீடை, மிஞ்சின நெய்ச்சோறுன்னு டாக்டரு எனக்கு ஆகாதுன்னு சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம அவளுக்குத்தான குடுத்துவிட்டேன்" என்றார்.

அவர் மனதறிந்து கெட்டவர் இல்லை. நான் கேலிக்குச் சொன்னது ஒரு வகையில் நிஜமாகவே இருந்திருக்கிறது. அந்த அம்மாவின் உடம்புக்கு ஆகாத பங்கு முழுக்க இவள் உடம்புக்குத்தான் போயிருக்கிறது. அதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் இப்போது ஒரு பரோட்டா கடையில் பாத்திரம் தேய்க்கிறாள். சம்பளத்தோடு மிஞ்சுகிற பரோட்டாவும் உண்டாம். போன தீபாவளிக்கு அதே பட்டு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். உள்ளே பிரித்துவிடத் துணியே மிச்சமில்லை. அக்குளில் வேறு துணியை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். "இன்னும் நல்லாத்தான் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வேலை போனதிலிருந்து யாருக்கு அளவெடுத்தாலும் உடம்பைப் பற்றிக் கேலி பேசாமல் டேப்பில் இருக்கிற எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறேன்; அந்த உடம்பு எதைத் தின்று அப்படி ஆனது என்று என் டேப்புக்குத் தெரியாது, கேலி பேசிய அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.