பன்னிரண்டு மணிக்குள் ஓட்டப்பட்ட படம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புத்த மண்டபத்தில் காலத்தையும் வெளியையும் பற்றிய படம் போட்டார்கள். தமிழ் வரிகளோடு, இலவசம். எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். மற்றப் படங்களில் அடியில் வரும் வரியை நான் பாதி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இதில் ஒவ்வொரு வரியும் வெகுநேரம் நிற்குமாம். ஒரு முழுப் படத்தையாவது நானே படித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

கிள்ளானில் காலை எட்டு மணிக்கு கொமியூட்டர் ரயில் ஏறினேன். கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூத்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்ததில் எனக்கு அரை மணி ஆனது.

முதலில் உரைகள், நேரம் போய்விட்டது. தமிழ் பேசும் பிக்கு ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார்: படத்தில் எதுவும் நகர்வதில்லை, ஒரு காட்சி தோன்றி அழிகிறது, அடுத்தது தோன்றுகிறது, கோத்துப் பார்த்து நாம்தான் காலம் என்கிறோம்.

படத்தில் ஓர் அறை. சுவரில் வெயில். ‘நகர்வது வெயிலா, சுவரா?’ என்று ஒரு வரி. இரண்டு முறை படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

திடீரென்று வெயில் எலிபோல் சுவரில் ஓடியது. ஏற்பாட்டாளர் சுமதி படத்தை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா ஓட்டுற?”

“ஒண்ணுமே நடக்கலையே அங்கிள், வெறும் ரூம்தான் லா. பிக்கு சாமி பன்னெண்டுக்குள்ள சாப்பிடணும். தவறுனா நாளைக் காலைதான்.”

“அப்ப நிறுத்திட்டுச் சோறு போடு! படிச்சிட்டிருக்கேன்ல!”

பின்னால் ஒருவன், “எல்லாம் அநித்தியம் அங்கிள், விடுங்க” என்றான்.

“அநித்தியம்னா அதுவா போகணும்டா. நீ துரத்தக் கூடாது!”

பிக்கு சிரித்துவிட்டார். “சாப்பிட்டு வருவோம். அப்புறம் விட்ட இடத்துலேருந்து போடும்மா.”

சாப்பிட்டதும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். சுமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். ‘யாரும் இல்லாத அறையிலும் பொழுது விடிகிறது.’ எழுத்து எழுத்தாகக் கூட்டி முடித்தேன். முடித்த பிறகும் வரி நின்றது. அது போவதற்காக நான் காத்திருந்தேன். இது எனக்குப் புதிது.

இனி இப்படிப் படம் பார்க்கப் போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். சாப்பாடு முதலில், படம் பிறகு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நடுவில் யாராவது ஓட்டினால் வெட்கப்படாமல் கத்துங்கள்.