கண் வைக்காத முகம்

இடியப்பம் அவித்து விற்றே மகளை வளர்த்தவள் நேசம். கொட்டாஞ்சேனை முடுக்கில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்தபோது மகள் கொன்ஸ்ரன்ஸ் கைக்குழந்தை. அதன் பிறகு நேசம் ஒருவரிடமும் கை நீட்டவில்லை, ஒருவருக்கும் அடங்கவும் இல்லை.

கொன்ஸ்ரன்ஸ் வளர்ந்ததும் வெள்ளவத்தையில் ஓர் ஓவியர் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். என்ன வேலை? அவர் பார்த்துக் கீறுவதற்காகக் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற வேலை! கதிர்காமநாதன் என்ற அந்த மனிதர் பாரிசில் படித்துவிட்டு வந்து புதுமாதிரிப் படங்கள் கீறிக்கொண்டிருந்தார். முடுக்கில் கண்டபடி கதைத்தார்கள். "என்ர பிள்ளை உடுத்தபடி போய் உடுத்தபடி வாறாள். உங்கட வாயைக் கழுவுங்கோ" என்று நேசம் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கிழமை, நெருப்புக் காய்ச்சல் கொன்ஸ்ரன்ஸைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் பாதி ஓடிவிட்டது, படம் பிடிக்கிறவனும் ஓடிவிட்டான். பிரேதப் பெட்டியைச் சுற்றி நின்று எடுக்கிற கடைசிப் படம்கூட இல்லை. உயிரோடு இருந்தபோதும் அவள் கமராவுக்கு முன்னால் நின்றதில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, நேசம் மா அப்பிய கையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, பிள்ளையின்ர முகம் நினைவில வருகுதில்லை! கை தெரியுது, பின்னல் தெரியுது, முகம் மட்டும் வருகுதில்லை."

அவளைப் பிடித்துத் திண்ணையில் இருத்தினேன்.

"அந்த ஐயா வருஷக்கணக்கா அவளையே பாத்துக்கொண்டிருந்தவர். அவரிட்ட இருக்கும்" என்றாள். அன்றைக்கே ரயிலேறிப் போனோம்.

அவர் மரியாதையாகத்தான் பிள்ளையை வைத்துக் கீறின படங்களைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். ஐயோ மாதாவே! பச்சை முகம், கொக்குக் கழுத்து. கண் இருக்கவேண்டிய இடத்தில் பலாக்கொட்டை மாதிரி இரண்டு வெறும் வெள்ளை.

"ஐயா, என்ர பிள்ளைக்குக் கண் இருந்ததே" என்றாள் நேசம்.

"சாயலுக்காகக் கீறினது இல்லையம்மா. நான் கோடுகளையும் நிறங்களையும்தான்..." என்று இழுத்தார்.

"எனக்கு அவளின்ர முகத்தைக் கீறித் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

கரித்துண்டை எடுத்துக் கீறினார். அழித்தார். திரும்பவும் கீறினார். எத்தனை தாள் மாற்றியும் அதே கழுத்து, அதே குருட்டுக் கண். கடைசியில் கை ஓய்ந்துபோனார்.

"எனக்கும் வருகுதில்லையம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு காலமும் பிள்ளையை இருத்திவைச்சு என்னத்தைப் பாத்தனீர்?" என்று கேட்டேவிட்டேன். அவர் படமொன்றை நீட்டியபோது நேசம் தொடவும் மாட்டேன் என்றாள்.

அதன் பிறகு நேசம் மகளின் முகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் அந்தோனியார் கோயிலில் எல்லாரும் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் விழித்துப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏனடி, கண்ணை மூடு" என்றேன்.

"மூட ஏலாது அக்கா. கண்ணை மூடிப் பிள்ளையைக் கூப்பிட்டா, அந்தக் கண்ணில்லாததுதான் என்ர பக்கம் திரும்புது. அவளின்ர குரலில 'என்னம்மா' எண்டு கேக்குது."