கோவிந்தனும் ஆறாவது ஸ்லாட்டும்

கோவிந்தனின் வலது கை ஸ்க்ரூடிரைவரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இடது கை கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கிடந்தது. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியும் அந்தக் கைக்குப் பிடிக்கும் பலம் வரவில்லை. பெட்டி நகராமல் இருக்க அதையே பாரமாக வைத்திருந்தார். கை ஊன்றும் பயிற்சியில் ஐந்து நிமிடத்தில் சலித்துக்கொள்கிற மனிதர், அன்று முக்கால் மணி நேரம் ஊன்றியிருந்தார்.

"சிஸ்டர், இந்த மூடியைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

"உங்களால முடியும். தூக்குங்க."

"நீங்க நர்ஸா, போலீஸா?"

தூக்கிவிட்டார்.

இது 2001இல், அடுகோடியில் அவர் வீட்டில். அவர் மனைவி பிரபா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஹோம் நர்ஸ் நான்.

கோவிந்தன் வாணியம்பாடிக்காரர். இருபது வயதில் இந்தக் கன்னட ஊருக்கு வந்து, சிவாஜிநகரில் ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தார். பிறகு நாகேஷின் ஸ்டிக்கர் கடைக்கு வந்தார். பஸ் கண்ணாடிக்கும் கடைப் பலகைக்கும் எழுத்து வெட்டும் மெஷின் அங்கே 1992இல் வந்தது. அதை ஓட்ட ஒரு 386 கம்ப்யூட்டர். மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் மூன்றாம் நாள் போய்விட்டார். மீதியை ஆங்கிலக் கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்தே கோவிந்தன் கற்றுக்கொண்டார். "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை போடும்பாரு. பெட்டி சூடானா ஃபேன் வெப்பாரு" என்று பிரபா சொல்வாள்.

இப்போது சிக்கல் இதுதான். கடையின் புதுக் கம்ப்யூட்டர்களில் வரையும் படங்கள், பழைய பெட்டிக்குக் கொண்டுபோகும் ஃப்ளாப்பியில் கொள்வதில்லை. பழையதைத் தூக்கிப்போடவும் வழியில்லை. வெட்டும் மெஷினுக்கான கார்டு அதில்தான் பொருந்தும். எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் புது நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகினால் வயர் வழியே படம் வந்துவிடும் என்றார் கோவிந்தன். உடம்பு விசாரிக்க வந்த கன்னடக்காரர் நாகேஷுக்கு நம்பிக்கை இல்லை.

"சும்னே எதுக்குக் கஷ்டம், கோவிந்தண்ணா? புது மெஷினே வாங்கிடறேன். ஓட்டறதுக்கு மெஷின் கம்பெனி ஆளே வர்றான். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அந்த ஆள் வந்தால் கோவிந்தனுக்குக் கடையில் வேலை இல்லை. நாகேஷ் நல்லவர்; சம்பளத்தைக்கூடக் கொஞ்ச காலம் அனுப்பியிருப்பார். கோவிந்தனுக்கு வேண்டியது அதுவல்ல.

"பெட்டியை வீட்டுக்கு அனுப்புங்க, சார். ஒரே நாள். கார்டைக் கம்ப்யூட்டர் தெரிஞ்சுக்கலேன்னா நீங்க புதுசே வாங்கிக்குங்க."

அந்த ஒரு நாள்தான் அன்று.

உள்ளே கார்டு செருகும் ஆறு ஸ்லாட்டுகள். ஐந்தில் பழைய கார்டுகள். ஓரத்தில் இருந்த ஆறாவது மட்டும் காலி. கார்டின் இரண்டு முனையும் ஒரே சமயம் இறங்க வேண்டுமாம். ஒரு கையால் இந்த முனையை அழுத்தினால் அந்த முனை எழும்பியது. கடைசியில் இடது முழங்கையை ஒரு முனையில் வைத்து உடம்பைச் சாய்த்து, வலது பெருவிரலால் மறுமுனையை அழுத்தினார். இறங்கிய மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கார்டு இல்லை என்றது திரை. அணைத்து, எடுத்து, மறுபடி செருகினார். இல்லை. நான்காம் முறைக்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கை போச்சு, சிஸ்டர். வேலையும் போச்சு. நாகேஷ் சாருக்குப் போன் பண்ணிடுங்க."

"சாப்பிட்டுட்டு நீங்களே பண்ணுங்க."

சாப்பிடவில்லை.

புண் ஆறவில்லை என்றால் நோயாளியைக் குறை சொல்லுமுன் புண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி. பிளக்கைப் பிடுங்கி, கார்டையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்தேன். ஸ்லாட்டின் இடுக்கில் சிவப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. பல் குத்தும் குச்சியால் கிளறினேன். குங்குமம். அடியில் சந்தனம்.

"இதுக்குள்ள யாருங்க பொட்டு வெச்சது?"

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "நான்தான்."

"எதுக்கு?"

"ஆயுத பூஜைக்கு. வெளியில வெச்சா யாராச்சும் தொடச்சிடறாங்க. அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. எதுவும் கெடாதேன்னு..."

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது."

"பழசைத் துடைச்சிட்டா?"

"பழசு மேலேயே."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார். "சிரிக்காதீங்க, சாமி விஷயம்" என்றார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. ஒரு பக்க உதடு மட்டும் ஏறுகிற சிரிப்பு.

ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்தேன். "பஞ்சு வேணாம், நூல் விடும்" என்று தன் பழைய டூத்பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். தேய்த்தது அவர், டார்ச் பிடித்தது மட்டும் நான். காய அரை மணி நேரம் விட்டோம். அதற்குள் தயிர்ச்சோறு உள்ளே போனது.

இந்த முறை கார்டு கடக்கென்று இறங்கியது. திரையில் அதன் பெயரும் ஒரு எண்ணும் வந்தன. கோவிந்தன் உரக்க வாசித்தார். சாயங்காலம் பிரபா செருப்பைக் கழற்றுமுன் அவளுக்கும் வாசித்துக் காட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாகேஷ் வேனோடு வந்தார்.

"ஏனு அண்ணா, ஆய்தா?"

"ஆச்சு, சார். பெட்டியைப் பின்னாடி போடாதீங்க, குலுங்கும். சீட்ல என் பக்கத்துல வைங்க."

அவரும் வருவார் என்று நாகேஷ் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன். பத்தரைக்குக் கடையில் வயர் வழியே முதல் படம் வந்தது: ஒரு பள்ளிப் பேருந்தின் பெயர். மெஷின் அதை வெட்டி முடித்ததும் நாகேஷ் வியாபாரிக்குப் போன் போட்டு, புது மெஷின் இப்போது வேண்டாம் என்றார். கோவிந்தனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல்தான். ஒரு மாதத்துக்கு அரை நாள் வேலை போதும் என்று இருவரிடமும் சொன்னேன். முழு நாள் கேட்டு இருவரும் பேரம் பேசினார்கள். நான் இறங்கி வரவில்லை.